அசதி என்று சொன்னது

அந்த வீட்டில் மாஸ்டரம்மாவைத் தவிர வேறு யாருக்கும் அசதி வரக்கூடாது என்று ஆகிவிட்டது. மகள் வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்து, ஒரே அசதியா இருக்கு என்று வாய் தவறிச் சொன்னால் போதும், சித்திக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, வாயைக் கழுவு என்பாள். அந்தச் சொல்லை அவர்கள் ஒருத்திக்கு என்று தனியாக எடுத்து வைத்திருந்தார்கள்.

மாஸ்டரம்மா என்பது தொழிலால் வந்த பேர். ஆயத்த ஆடை தைக்கிற கம்பெனியில் அவள் கட்டிங் மாஸ்டர். அந்த மேஜைக்கு அவள் வந்த புதிதில் பாதிப் பேர் மாஸ்டர் என்றார்கள், பாதிப் பேர் அம்மா என்றார்கள். எதுக்கு வம்பு என்று இரண்டையும் ஒட்ட வைத்துவிட்டார்கள். துணியை மடிப்பு மடிப்பாக ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, மேலே காகித அளவுகளைப் பரப்பி, மின்சாரக் கத்தியை நின்றபடி ஓட்டுகிற வேலை. கத்தி பிசகினால் ஒரு சட்டை போகாது, அடுக்கு மொத்தமும் போகும். அவளுக்குப் பிசகியதில்லை. "மாஸ்டரம்மா கோடு போட்டா கத்தி அதுவா நடக்கும்" என்று தையல் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்டும் கேட்காதவள் மாதிரி நிற்பதில் அவளுக்கு ஒரு தனி சுகம்.

அவள் கணவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அந்த வாரம் வந்த தங்கை, மகளுக்குச் சித்தி, அப்புறம் அங்கேயே தங்கிவிட்டாள். அக்கா கொட்டக் கொட்ட விழித்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், தன் கைப்பையிலிருந்து பாதி மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகு பாதி ஒன்றாகி, ஒன்று இரண்டாகி, ராத்திரிக்கு என்று இருந்தது காலைக்கும் வந்து, மத்தியானத்துக்கும் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. ஒரே மருந்துக்கடையில் கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்று கடை கடையாகப் போவாள். ஒரு கடையில் பக்கத்து வீட்டம்மாவுக்கு என்பாள். இன்னொரு கடையில் மாமியாருக்கு என்பாள். மாமியார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

ஒரு காலையில் அவளால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. கம்பெனியிலிருந்து மேனேஜர் போன் செய்தார். போனை எடுத்த தங்கை, அலமாரியில் ஏதோ தேடுகிறவள் மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அக்காவுக்குக் கொஞ்சம் அசதி சார்" என்றாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்தச் சொல் பொருந்திவிட்டது. பிறகு அதிலேயே தரம் பிரித்துக்கொண்டார்கள். நாக்குக் குழறினால் லேசான அசதி. கூப்பிட்டால் காதில் விழாவிட்டால் நல்ல அசதி. மகள் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டி வந்தால், அன்றைக்கு முழு அசதி. வீட்டுக்கு வந்தவர்களிடம் சொன்னார்கள், சொந்தக்காரர்களிடம் சொன்னார்கள். கடைசியில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும்போதும் அதையே சொன்னார்கள். மாத்திரை என்ற வார்த்தை அந்த வீட்டை விட்டே போய்விட்டது. மாத்திரை மட்டும் போகவில்லை.

அப்புறம்தான் அந்த வெள்ளைத் துணி வந்தது.

சட்டைக்கு முன்பக்கம் இரண்டு துண்டு. ஒரு அளவை அப்படியே வைத்தால் மற்றதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்போதுதான் இடதும் வலதும் கிடைக்கும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லித் தருகிற பாடம் அது. மாஸ்டரம்மா இரண்டையும் அப்படியே வைத்தாள். வெட்டி, கட்டுக் கட்டி, தையலுக்கும் அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தையல் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. எல்லாமே இடது.

மேனேஜர் ஒரு துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன், கோபத்தைக் கிண்டலாக மாற்றத் தெரிந்தவர்.

"மாஸ்டரம்மா, ஒரு பக்கம் மட்டும் சட்டை போடுற ஊர் எங்க இருக்கு? சொல்லுங்க, மொத்தமா அனுப்பிடலாம்."

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த அடுக்குக்குக் குனிந்தவள், மேஜை ஓரத்தில் கிடந்த கையுறையைப் பார்த்தாள். இரும்பு வலையில் பின்னிய கையுறை. கத்திக்குப் பக்கத்தில் துணியை அழுத்துகிற கையில் அது இருக்க வேண்டும். அந்த அடுக்கு முழுவதையும் அவள் வெறும் கையால் அழுத்தி வெட்டியிருக்கிறாள். அப்படி வெட்டியதுகூட நினைவில் இல்லை. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கத்தியின் மேல் வைத்தாள்.

இனிமேல் கத்தியைத் தொட மாட்டேன் என்று அவள் சொன்னதும் மேனேஜர் பதறிவிட்டார். தன் கிண்டல் தைத்துவிட்டதோ என்று நினைத்தார். கோபமில்லை என்றாள். பின்னே என்ன என்று கேட்டார். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வாய் பழகின வழியில்தானே போகும்?

"அசதி சார்."

நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு வரச் சொன்னார். ஆனால் மேஜையை ரொம்ப நாள் காலியாக வைத்திருக்க முடியாது, வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் மாஸ்டரம்மா நினைத்தது அந்த மேஜையைத்தான். கணவர் போனார், அது அவள் கையில் இல்லை. மேஜையும் போனால் அது முழுக்க அவள் கைவேலை.

வந்ததும் முதல் காரியமாக, தலையணை உறைக்குள்ளிருந்தும் பவுடர் டப்பாவிலிருந்தும் மாத்திரைகளை எடுத்துக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அக்கா ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான் என்று தங்கைக்கு ஒரே பெருமை. மறுநாள் அந்தப் பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை. மாஸ்டரம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. உடம்பு முழுக்க எறும்பு ஊருகிறது என்று தோலைத் தேய்த்தாள். பாத்திரம் வைக்கிற சத்தத்துக்கெல்லாம் தூக்கிவாரிப் போட்டது. மகள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னாள். தங்கையும் கூடவே வந்தாள். வழி நெடுக, எல்லாத்தையும் போட்டு உடைக்காதே, பொதுவா சொல்லு, வெளியில தெரிஞ்சா அசிங்கம் என்று காதோரம் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள்.

டாக்டர் சின்ன வயசு. வாசலில் நீளமான வரிசை. அவர் கேட்டுக்கொண்டே எழுதினார், எழுதிக்கொண்டே கேட்டார். என்ன செய்கிறது என்றார். மூன்று பேரும் ஒரே சமயத்தில் அசதி என்றார்கள். எப்போதிலிருந்து என்றார். அவர் போனதிலிருந்து என்றாள் தங்கை. தூக்கம் எப்படி என்றார். சுத்தமாக இல்லை என்றாள் மகள். நடுக்கம், வேர்வை எல்லாவற்றையும் சொன்னார்கள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. பொய்யே சொல்லாமல் மூன்று பேரும் சேர்ந்து ஒரு பெரிய பொய்யைச் சொல்லி முடித்தார்கள். டாக்டர் இரக்கத்தோடு தலையாட்டிவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார், ஒரு டானிக் எழுதினார், கீழே இன்னொன்றும் எழுதினார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து மகள் மருந்துச் சீட்டைப் படித்தாள். படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் நீட்டினாள். மூன்றாவது வரியில் இருந்தது அதே மாத்திரை.

"பாத்தியா, டாக்டரே எழுதிட்டார்" என்றாள் தங்கை. "அப்போ அதுல ஒண்ணும் தப்பில்ல."

"கடை கடையா ஏறி, செத்த மாமியாரை எழுப்பி உட்கார வெச்சு வாங்கினேன்" என்றாள் மாஸ்டரம்மா. "இவர் என்னடான்னா கேக்காமலே குடுத்துட்டார். நல்ல டாக்டர்."

மூன்று பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் நிறுத்தியது மாஸ்டரம்மாதான். சீட்டைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். அது நடுங்கவில்லை. காலையிலிருந்து டம்ளரைப் பிடிக்க முடியாத கை, வெறும் காகிதத்தைப் பிடித்ததும் கல் மாதிரி நின்றுவிட்டது. இனி ஒளிக்க வேண்டாம், பேர் மாற்றிச் சொல்ல வேண்டாம், சீட்டை நீட்டினால் கிடைக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. வெறும் கையால் துணியை வெட்டியபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

பஸ் வந்தது. தங்கை முந்திக்கொண்டு ஏறினாள். மாஸ்டரம்மா எழுந்து திரும்ப ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள்.

"அம்மா, எங்க போற?"

"திருத்திச் சொல்லிட்டு வரேன். வெட்டின துணியைத்தான் ஒட்ட முடியாது."

தங்கை பஸ்ஸிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி, ஒரு செருப்பு கழன்றபடி பின்னால் ஓடி வந்தாள். வேண்டாம் அக்கா, நாளைக்குப் பார்த்துக்கலாம் அக்கா என்று கையைப் பிடித்து இழுத்தாள். மாஸ்டரம்மா நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் வரிசைச் சீட்டுக் கொடுக்கிற பெண், இப்பதானே போனீங்க, எதையாவது மறந்துட்டீங்களா என்றாள். மறக்கவில்லை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள் மாஸ்டரம்மா. அப்படி ஒரு காரணத்தை அந்தப் பெண் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. எந்த வரிசையில் விடுவதென்று தெரியாமல் நேராக உள்ளே அனுப்பிவிட்டாள்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டரம்மா உட்காரவில்லை. இதற்கு அசதியைத் தவிர வேறு சொல் சொல்லி நெடுநாளாகியிருந்தது.

"எனக்கு அசதி இல்ல டாக்டர். தூக்க மாத்திரை. இப்ப நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அதேதான். ராத்திரி போடுவேன், காலையில போடுவேன், மத்தியானமும் போடுவேன். போட்டுட்டுக் கத்தி பிடிப்பேன். நேத்து எல்லாத்தையும் கொட்டிட்டேன். அதான் இப்படி ஆடுது. என்னால விட முடியல. எனக்கு உதவி வேணும்."

எத்தனை போடுவீர்கள் என்று கேட்டார். சொன்னாள். தங்கை காதைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அன்று காலையிலிருந்து அவர் அதை மூடியது அப்போதுதான் இருக்கும்.

"நானும் கேட்டிருக்கணும்மா. ஏற்கெனவே என்ன சாப்பிடுறீங்கன்னு கேக்காமலே எழுதிட்டேன். உட்காருங்க."

பிறகு அவர் சொன்னதையெல்லாம் மகள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். இந்த மாத்திரையை இத்தனை காலம் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மருத்துவர் சொல்கிற அளவில், மகள் கையால் மட்டும். மாடியில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே ஆலோசகர் இருக்கிறார், வாரம் ஒரு நாள் எல்லோரும் கூடிப் பேசுகிற கூட்டமும் உண்டு. பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுப் புதிதாக எழுதினார். தங்கைக்குத் தலை சுற்றியது. வேண்டாம் என்று சொல்ல வந்தவளுக்குத் திரும்பவும் அதையே கொடுக்கிறார்களே என்று முணுமுணுத்தாள்.

"அது ஏறுறதுக்கு எழுதினதும்மா" என்றார் டாக்டர். "இது இறங்குறதுக்கு."

மாடி ஆலோசகர் மகள் வயதுப் பெண். வெண்கலக் குரல். அவளிடம் மாஸ்டரம்மா முதலில் வேடிக்கையாகவே பேசிப் பார்த்தாள். செத்த மாமியார் கதையைச் சொன்னாள், இடது சட்டையைச் சொன்னாள். அந்தப் பெண் நன்றாகச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, விளக்கை அணைத்த பிறகு என்ன நடக்கும் என்று மட்டும் கேட்டாள். மாஸ்டரம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் படுத்துக்கிட்டே, கூடத்து லைட்டை அணைச்சியான்னு கேப்பார். தினமும் கேப்பார். அணைக்காமலே அணைச்சாச்சும்பேன், எழுந்து போகச் சோம்பேறித்தனம். இப்ப யாரும் கேக்கறதில்ல. நானே எழுந்து எழுந்து போய்ப் பாத்துட்டு வரேன். மாத்திரை போட்டா போக வேண்டாம்."

அவ்வளவு சொல்லிவிட்டு அன்றைக்கு எழுந்துவிட்டாள். அந்தப் பெண்ணும் அவசரப்படுத்தவில்லை.

கூட்டத்துக்கு முதல் முறை போனபோது, இவர்களும் நானும் ஒன்றா என்றுதான் மாஸ்டரம்மாவுக்குத் தோன்றியது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் ஒரு பிளம்பர், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், இன்னும் சிலர். பெரும்பாலும் குடி. அவள் முறை வந்தபோது என்ன சொல்வதென்று தெரியாமல், எங்கள் வீட்டில் இதற்கு அசதி என்று பேர் என்றாள். பிளம்பர் தொடையைத் தட்டினார். அவர் வீட்டில் அதற்குப் பேர் மழையாம். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், பிள்ளைகள் வெளியில மழை என்பார்களாம், கொளுத்துகிற வெயிலிலும். வாத்தியார் வீட்டில் பேப்பர் திருத்துகிறார் என்பார்களாம். ஓய்வு பெற்ற பிறகும் திருத்தினாராம். வட்டம் முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு ஒரு சொல் இருந்தது. நன்றாக யோசித்து, அன்போடு, நாலு பேருக்குத் தெரியாமல் இருக்க வைத்த சொல். சிரித்து ஓய்ந்த பிறகு வாத்தியார், அந்தச் சொல்லை வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அதற்குள்ளே நான் ரொம்ப வசதியாக இருந்துவிட்டேன் என்றார். மாஸ்டரம்மா அதற்குத் தலையாட்டினாள். அடுத்த வாரம் அவளே முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள்.

இறங்குவது லேசாக இல்லை. அளவைக் குறைக்கிற ஒவ்வொரு தடவையும் சில நாள் எரிச்சலும் நடுக்கமும் வந்து போயின. ஒரு சாயங்காலம் அவள் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், தங்கை கைப்பையைத் திறந்தாள். ஒண்ணே ஒண்ணு அக்கா, உன் பொண்ணுக்குத் தெரிய வேண்டாம் என்று உள்ளங்கையை நீட்டினாள். மாஸ்டரம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்துக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது. அதை அவள் தன்னிடமே மறைக்கவில்லை.

"இது என்னன்னு வாய் விட்டுச் சொல்லுடி. சொன்னா வாங்கிக்கறேன்."

தங்கைக்கு வாய் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மாஸ்டரம்மா அவள் விரல்களை மடக்கி மாத்திரையை உள்ளேயே வைத்து மூடினாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. மறுவாரம் கைப்பையோடு தங்கையும் மாடிப் பிரிவுக்கு வந்தாள். பையிலிருந்ததை ஆலோசகரின் மேஜைமேல் வைத்துவிட்டு, எனக்கும் ராத்திரியில தூக்கம் வரதில்ல என்றாள்.

மேனேஜரின் போன் ஒரு காலையில் வந்தது. தங்கைதான் எடுத்தாள். அக்காவுக்கு என்று ஆரம்பித்தவள், அதற்குமேல் போக முடியாமல் திணறினாள். மாஸ்டரம்மா போனை வாங்கிக்கொண்டாள். மேஜைக்கு ஒரு பையன் கிடைத்திருக்கிறான், நாளைக்குச் சேரச் சொல்லலாமா என்று மேனேஜர் தயங்கித் தயங்கிக் கேட்டார். உடம்பு எப்படி என்பதையும் கேட்டார். சொன்னால் வேலை போகலாம். சொல்லாமல் போய்க் கத்தியைப் பிடித்தால் வேறு ஏதாவது போகும். அவளுக்கு ரொம்ப யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"சார், எனக்கு மாத்திரைப் பழக்கம். தூக்க மாத்திரை. அன்னைக்கு அத்தனையும் இடதா வெட்டினது அதனாலதான். இப்ப வைத்தியம் நடக்குது, குறைச்சுக்கிட்டு வரேன். கத்தியைப் பையன்கிட்டக் குடுங்க. ஆனா மேஜை என்னோடது. அளவு பரப்புற வேலைக்கு நான் வரேன்."

தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே மேனேஜர் கேட்டார்.

"கத்தியைத் திருப்பி எப்பக் கேப்பீங்க?"

"டாக்டர் சரின்னு சொல்லணும், நானும் சரின்னு சொல்லணும். ரெண்டு பேர்ல ஒருத்தர் சொன்னாப் போதாது."

மேனேஜர் சிரித்துவிட்டார். இத்தனை நிபந்தனை போடுகிறவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இதைச் சொல்ல எப்படி மனசு வந்தது மாஸ்டரம்மா என்று கேட்டார். ஒரு தடவை சொல்லிட்டா ரெண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமில்ல சார் என்றாள்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனாள். புதுப் பையன் முப்பது வயசுக்காரன், மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு, இந்தம்மா எதுக்கு என்பது மாதிரி நின்றான். அவள் அளவுகளைப் பரப்பினாள். ஒன்றை அப்படியே வைத்தாள், மற்றதைக் கவிழ்த்து வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள், திரும்ப வந்து ஒரு விரலளவு நகர்த்தினாள். அவன் கத்தியை ஓட்ட ஆரம்பித்தான். கை கோட்டுக்கு வெளியே போகப் பார்த்தது.

"நிறுத்துப்பா. கத்தியைத் துரத்தாதே, கூட நட."

அவன் நிறுத்தினான். உங்களுக்கு உடம்பு சரியில்லையாமே, என்ன ஆச்சு என்றான். தையல் பக்கத்தில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. மாஸ்டரம்மா குண்டூசியைக் குத்திக்கொண்டே, வானிலையைச் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னாள். வியாழக்கிழமை சாயங்காலம் சீக்கிரம் கிளம்புவேன், கூட்டம் இருக்கு என்றாள். அதுக்குள்ள இந்த அடுக்கை நீ முடிச்சாகணும் என்றும் சொன்னாள். அவன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, கத்தியைத் திரும்ப எடுத்தான். இந்தத் தடவை கூடவே நடந்தான்.